கடைசித் துளைக்கும் உள்ளே

ஞாயிறு பூசை முடிந்து வந்த நோபர்ட் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நேரே ஜன்னலோர மேசைக்குப் போனார். லாச்சியை இழுத்து, போன வாரம் வேலை முடித்து வைத்த சீக்கோ வாட்சை எடுத்தார். அது ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உக்குவளை ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய ரயில் கொக்கோ மரங்களுக்குப் பின்னால் கூவிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை விநாடி முள் வழுக்கிப் போவதை ரசித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகுதான் கை அப்படியே நின்றுவிட்டது. லாச்சிக்குள் வைத்தது போன ஞாயிறு. வாரம் பூராவும் மாத்தளையில் பார்மசி வேலை. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. லாச்சிப் பக்கமே அவர் வரவில்லை.

அது சாவி கொடுக்கிற வாட்ச் இல்லை. உள்ளே ஓர் அரைவட்டத் தகடு தொங்கும். கட்டியிருப்பவர் கையை ஆட்ட ஆட்டத் தகடு சுழலும், தகடு சுழலச் சுழல உள்ளிருக்கும் சுருள் இறுகும். கழற்றி வைத்தால் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. பக்கத்துத் திருகைத் திருகிச் சாவி கொடுக்கவும் அந்த வகையில் வழி கிடையாது. யாராவது கட்டிக்கொண்டு நடமாடினால் ஓடும், இல்லாவிட்டால் நின்றுவிடும்.

"டொறீன், என் லாச்சியத் திறந்தியா?"

"அதுக்குள்ள என்ன, தங்கமா வச்சிருக்கீங்க?" குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "பூரா செத்துப்போன வாட்சு. பக்கத்துல போனாலே பொணவாடை அடிக்குது."

"யாரோ கட்டியிருக்காங்க."

"ஆமா, நான்தான் கட்டிக்கிட்டு கண்டிக்கு டான்ஸ் ஆடப் போனேன். போய் கோழிய வெட்டித் தாங்க."

மகள் கண்டியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தகட்டில் ஏதாவது கோளாறு இருக்கும் என்று நோபர்ட் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கோழியைப் பார்க்கப் போனார். ஆனால் தகட்டில் ஏற்படும் எந்தக் கோளாறும் வாட்சை நிறுத்துமே ஒழிய ஓட்டாது என்பது அவருக்கே தெரியும்.

நோபர்ட்டுக்கு இந்தப் பைத்தியம் பிடித்துப் பத்து வருசத்துக்கு மேல் இருக்கும். விலைபோகிற வாட்ச் என்று அவரிடம் ஒன்றும் கிடையாது. ஒருகாலத்தில் மத்திய கிழக்குக்குப் போனவர்கள் ஆளுக்கொன்று வாங்கிவந்து, பிறகு பற்றரி வாட்சும் போனும் வந்ததும் தூக்கி எறிந்த சரக்குகள்தான் எல்லாம். உக்குவளையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் புஹாரி நானா அவற்றைப் பால்மா டின் ஒன்றில் இவருக்கென்று சேர்த்து வைப்பார். நோபர்ட் கொண்டுவந்து கழற்றுவார், கழுவுவார், எண்ணெய் வைப்பார். ஓடத் தொடங்கியதும் வெளி உடம்பை எடுத்துக்கொள்வார். அங்கேதான் அவருடைய கை நிற்காது. பழைய வாட்சின் கீறல்களில் கைவைக்கக் கூடாது, அது அதன் சரித்திரம் என்று இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் போனில் குழு வைத்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். நோபர்ட் அதையெல்லாம் வாசிப்பார், பிறகு மெருகு மருந்தை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். பின் மூடியில் முகம் தெரிய வேண்டும். மூக்கிலிருக்கிற மயிர் தெரிய வேண்டும் என்பாள் டொறீன்.

இந்தச் சீக்கோவும் பால்மா டின்னில் வந்ததுதான். கிழமையை ஆங்கிலத்திலும், திருகைப் பிடித்துத் திருப்பினால் அரபியிலும் காட்டுகிற ரகம். நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கும். பட்டி இல்லை. இடுக்கெல்லாம் காய்ந்த களிமண். கண்ணாடி கீறிக் கீறிக் கண்புரை விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அன்று நோபர்ட் அதைப் பெரிய அதிர்ஷ்டமாக நினைத்தார். கண்ணாடியை மாற்றி, உடம்பைத் தேய்த்து, பின் மூடியை ஒரு பகல் முழுவதும் மெருகேற்றி, புதுக் கறுப்புத் தோல்பட்டி ஒன்றைப் பூட்டினார். பட்டி விறைப்பாக, அளவுகோல் மாதிரி நேராக இருந்தது.

அது தானாக ஓடிய ஞாயிறன்றே ஒரு சோதனை செய்து பார்த்தார். வாட்ச் நின்றுபோகும்வரை அசைக்காமல் விட வேண்டும் என்று நினைத்து, பிஸ்கட் டின் ஒன்றில் பஞ்சு அடைத்து, நடுவில் அதைக் கிடத்தி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி அலுமாரிக்கு மேலே வைத்தார். தான் செய்கிற வேலை கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரிந்ததால் டொறீனிடம் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்துப் போயா, பௌர்ணமி விடுமுறை; பார்மசி பூட்டு. வெளியே சீரான மழை, பகலே சாம்பல் நிறத்தில் இருந்தது. டின்னை இறக்கினார். டேப் ஒட்டியபடியே இருந்தது. நகத்தால் நெம்பி உரித்து மூடியைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவே விநாடி முள் போய்க்கொண்டிருந்தது. போனில் பார்த்தார். மணி சரியாக இருந்தது.

பட்டி நேராக இல்லை.

மேசையில் வைத்துக் கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக் குனிந்தார். கையில் வளைந்து வளைந்து பழகிய தோல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது பட்டி. உள்பக்கம் வியர்வை ஏறிக் கறுத்திருந்தது. கொளுக்கி மாட்டுகிற இடத்தில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. நோபர்ட் தன் கையில் கட்டினால் மூன்றாம் துளையில் நிற்கும். இந்த மடிப்பு துளைகளையெல்லாம் தாண்டி, வாட்ச் பக்கம் தள்ளி, ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு கைக்குப் போட்டால் விழுகிற இடத்தில் இருந்தது. அதோடு வளைவும் புரியவில்லை. கொளுக்கிப் பக்கம் தட்டையாகவும் வாட்ச் பக்கம் குறுகலாகவும் வளைந்திருந்தது. யாரோ வாட்சின் முகத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டியது போல.

கொளுக்கியின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள். விரலால் தொட்டு நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். சீமெந்து.

"டொறீன்," என்றார். இரண்டாம் தரம் கூப்பிட்டபோது அவள் மாவுக் கையோடு வந்தாள். டின்னையும் டேப்பையும் பட்டியையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இத எங்க வாங்குனீங்களோ அங்கயே கொண்டுபோய்க் குடுங்க. இன்னைக்கே."

புஹாரி நானாவின் கடை ஓட்டிலிருந்து தண்ணீர் ஒழுகித் துருப்பிடித்த கம்பிகள் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாட்சைக் கையில் வாங்கவில்லை.

"இதா? லக்கலப் பக்கத்துச் சிங்கள மாத்தயா ஒருத்தர் கொண்டாந்து தந்தது தம்பி. போன கோடையில அங்க குளம் வத்திச்சில்லயா? சேத்துக்குள்ள கெடந்ததாம். வேலித் தூணு மேல வெச்சானாம், அன்டைக்கி ராவே ஓட ஆரம்பிச்சிச்சாம். பொண்டாட்டி பயந்து போய் வெளியால எறியச் சென்னாளாம். நான் சிரிச்சன்."

"என்கிட்ட சொல்லலியே நானா."

"சென்னா நீ எடுப்பியா?" புஹாரி நானா தாடியைத் தடவினார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "தம்பி, ஒரு விசயம் ஈக்கிது. ஒரு புள்ள இந்தக் கடைக்கி மாசத்துக்கு ஒருக்கா வரும். வாட்ச் ஒன்டு தேடுது. மாத்தளையில ஈக்கிற எல்லா வாட்ச் கடைக்கும் போகுது. போன கெழம வந்த நேரம், இப்பிடி ஒன்டு நோபட் தம்பிக்கிட்ட குடுத்தன்னு வாய் தவறிச் செல்லிப்போட்டன். ஒன்ட ஊட்டுக்கு வரும்."

அந்தப் பெண் அடுத்த ஞாயிறே வந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் ரொஷானி. மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் வேலை. நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு, சட்டைத் தோளில் குத்தியிருந்த குண்டூசிகள் மின்ன, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டொறீன் கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"என் வீட்டுக்காரர் பேரு றெக்சன், அங்கிள். மேசன் வேலை. லக்கலயில கட்டடம் கட்டப் போன எடத்துல காணாமப் போயிட்டாரு. மூணு வருசமாச்சு."

அன்று சாயங்காலம் வேலை முடிந்து குளத்துக்குக் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். திரும்பி வரவில்லை. கரையில் துணியும் இல்லை, தண்ணீரில் உடலும் இல்லை. கூட வேலை செய்த ஒருவன், றெக்சன் ஒரு பெண்ணோடு பஸ் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னான். வேறொருவன் யானை அடித்திருக்கும் என்றான். பொலிஸ் எழுதிக்கொண்டது, அவ்வளவுதான்.

"இப்ப எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு அங்கிள். பல்லேபொல ஆளு. கிளமன்ட்ன்னு, லொறி வச்சிருக்காரு, மிளகு கராம்பு ஏத்துறவரு. பொண்டாட்டி செத்துப்போச்சு. நல்ல மனுசன். நானும் சரின்னுட்டேன். ஆனா சாமி கோயில்ல வச்சி கட்டிவைக்க முடியாதுங்கிறாரு. புருசன் செத்துட்டாருன்னு நிச்சயமாத் தெரியணுமாம். இல்லாட்டி நான் இன்னும் அவரு பொஞ்சாதிதானாம். அது சரிதானே? நான் பொஞ்சாதியா, விதவையான்னு எனக்கே தெரியல."

வாட்ச் கிடந்தது குளத்துச் சேற்றில். அது றெக்சனுடையது என்று தெரிந்தால் அவர் பஸ் ஏறவில்லை, மூழ்கிப்போனார் என்று ஆகும். அவள் கேட்டு வந்தது அந்த ஒன்றைத்தான்.

"உங்க வீட்டுக்காரரோடதுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று நோபர்ட் கேட்டார். "இது மாதிரி ஆயிரம் இருக்கே."

"அடையாளம் இருக்கு அங்கிள். எங்க கல்யாணத்துக்கு எங்கண்ணன் சவூதியில இருந்து கொண்டாந்து மாப்பிள்ளை கையில கட்டினது. இவரு வேலைத் தளத்துல கழட்டி வச்சிட்டு மறந்துட்டு வந்துருவாரு. எவனாவது எடுத்துக்கிட்டா சண்டை போடணும்லன்னு, நானே பின்பக்கத்துல குண்டூசியால ஒரு சிலுவை கீறி வச்சேன். சின்னதா."

நோபர்ட் வாட்சைத் திருப்பவில்லை. திருப்ப வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்த மூடியில் இப்போது என்ன தெரியும் என்று அவருக்குத் தெரியும். எதிரில் இருந்த டொறீன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தேச்சிட்டேன்மா," என்றார். "மெருகு போட்டேன். கீறல் நெறைய இருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"எடுக்கிறதுக்கு முந்தி போட்டோ எடுக்கலியா? நீங்க போட்டோ எடுப்பீங்கன்னு நானா சொன்னாரே."

"முகத்த எடுப்பேன். உள்ள இருக்கிற மெஷின எடுப்பேன். பின்பக்கத்த யாரு பாக்கப்போறாங்கன்னு..."

அவள் அழவில்லை. கையை நீட்டினாள். நோபர்ட் டின்னைத் திறந்து வாட்சை அவள் உள்ளங்கையில் வைத்தார். பளபளக்கிற மூடியில் தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பட்டியைப் பார்த்தாள். அதன் வளைவை விரலால் தடவிக்கொண்டே போனவள், துளைகள் முடிகிற இடத்தில், வாட்சுக்குக் கிட்ட வந்ததும் நிறுத்தினாள்.

"இந்தப் பட்டி எப்ப போட்டது அங்கிள்?"

"நான் போட்டது. புதுசு."

"அவருக்குக் கை ரொம்பச் சின்னது. குச்சி மாதிரி. எந்தப் பட்டி போட்டாலும் கடைசி ஓட்டையிலயும் தொளதொளன்னுதான் இருக்கும். அதுக்கும் உள்ளுக்க ஆணியால ஒரு ஓட்டை குத்திக்குவாரு. செவுத்துல பட்டுக் கண்ணாடி கீறுதுன்னு முகத்த உள்பக்கம் திருப்பித்தான் கட்டுவாரு." அவள் பட்டியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "நீங்க குத்துனீங்களா இத?"

வரிசையாக இருந்த துளைகளைத் தாண்டி இன்னொன்று இருந்தது. நோபர்ட் பூதக்கண்ணாடியைக் கூட எடுக்கவில்லை. கம்பனியில் குத்திய துளைகள் விளிம்பு சீராக வட்டமாக இருக்கும். இது பிய்ந்துபோயிருந்தது. கோணலாக, ஆணியை வைத்துக் கல்லால் தட்டியது போல. போயா நாளன்று அவர் பட்டியை ஓர் அங்குலம் விடாமல் பார்த்தார். அன்று அந்த இடத்தில் துளை இல்லை.

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. டொறீன் நோபர்ட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ அவரு... ஓடுதுன்னா யாரோ கட்டியிருக்காங்கன்னுதானே சொல்வீங்க? அப்போ உசிரோட இருக்காருன்னு அர்த்தமா?"

ரொஷானி வாட்சைப் பஞ்சில் வைத்தாள். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிறது போல மெதுவாக வைத்தாள்.

"உசிரோட இருக்கிற மனுசன் பிஸ்கட் டின்னுக்குள்ள கையை விடமாட்டான், ஆன்டி."

போகும்போது வாசலில் நின்று, "துளையப் பத்தி சாமிகிட்ட சொன்னா என்னையப் பைத்தியம்பாரு. நீங்க பார்த்தத மட்டும் சொல்லுங்க அங்கிள்," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

அவர் பார்த்தது என்ன? அந்த வாரம் முழுவதும் மருந்து எடுத்துக் கொடுக்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும் நோபர்ட் அந்தப் பின் மூடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். மண்ணைக் கழுவியதும் அது எப்படி இருந்தது? கீறல்கள் இருந்தன. குறுக்கே, நெடுக்கே, சாய்வாக, ஒன்றின் மேல் ஒன்றாக நூறு கீறல்கள். அத்தனை கோடுகள் இருக்கிற இடத்தில் எல்லாக் கோடும் எங்காவது இன்னொன்றை வெட்டத்தான் செய்யும். கண்ணை மூடினால் சில சமயம் சிலுவை தெரிந்தது, சில சமயம் தெரியவில்லை. மெருகு மருந்தின் வாடையும், துணி கறுத்துக்கொண்டு வந்ததும், அதைப் பார்த்துத் தனக்கு ஏற்பட்ட சந்தோசமும் மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தன.

வாட்ச் அலுமாரிக்கு மேலே டின்னுக்குள் இருந்தது. பகலில் டொறீன் அந்த அறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள், இரவில் விளக்கை எரியவிட்டே படுத்தாள். "அது நடக்குது," என்றாள் ஒருநாள். "டின்னுல காத வச்சிக் கேளுங்க. வீட்டுக்கு வழி தெரியாத மனுசன் மாதிரி நடக்குது." நோபர்ட் காதை வைக்கவில்லை.

"நீங்கதானே அழிச்சீங்க," என்றாள் அவள் சனிக்கிழமை மத்தியானம் சோறு போடும்போது. "அந்தப் புள்ள வாழ்க்கை உங்க ஒரு வார்த்தையில நிக்குது. இருந்துச்சுன்னு சொன்னா என்ன கெட்டுப்போகும்?"

"இல்லாம இருந்திருந்தா?"

"இல்லாம இருந்திருந்தா இந்த ஓட்டைய யாரு வந்து குத்துனது?"

நோபர்ட் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

நோபர்ட் சாட்சி சொல்லப் போனபோது பங்குச் சாமியார் அறையில் ஃபேன் ஓடாமல் நின்றது. நல்ல மனிதர். ஆனால் இப்படிப்பட்ட விண்ணப்பங்களை ஆயர் இல்லத்துக்கு அனுப்புகிற விசயத்தில் அவசரப்படாதவர். றெக்சன் குளிக்கப் போனதை நேரில் கண்ட, கூட வேலை செய்த மேசன் பாஸ் ஒருவரின் வாக்குமூலம் ஏற்கெனவே வந்திருந்தது. குளத்தில் வாட்ச் கிடைத்ததை லக்கல மனிதரும் சொல்லியிருந்தார். நடுவில் ஒரு கண்ணி மட்டும் இல்லை. ரொஷானி சுவரோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கை மடியில் ஒரு குண்டூசியை உருட்டிக்கொண்டிருந்தது.

"நோபர்ட், உங்கள எனக்குத் தெரியும். ஒரு கேள்விதான்." சாமியார் வேதாகமத்தை அவர் பக்கமாக நகர்த்தினார். "நீங்க மெருகு போடுறதுக்கு முந்தி அந்த மூடியில சிலுவை இருந்துச்சா? கண்ணால பாத்தீங்களா?"

நோபர்ட் கையை வைத்தார். புத்தகத்தின் தோல் அட்டை வியர்வை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

"பாத்தேன் சாமி."

"நிச்சயமா?"

"சின்னச் சிலுவை. பாத்தேன்."

ரொஷானி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நன்றி இருக்கும் என்று நினைத்தார். அப்படி எதுவும் இல்லை. தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவள் போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தபோது வாட்ச் நின்றிருந்தது. நோபர்ட் கையில் எடுத்துக் குலுக்கினார். உள்ளே தகடு சுழலுகிற சத்தம் கேட்டது, முள் அசையவில்லை. பின் மூடியைத் திறந்து பார்த்தார். எண்ணெய் காயவில்லை, சக்கரங்களில் பழுதில்லை, சுருள் அறவில்லை. ஓடாமல் இருக்க ஒரு காரணமும் தெரியவில்லை. முன்பு ஓடியதற்கும் காரணம் தெரிந்திருக்கவில்லைதானே என்று மூடிவிட்டார்.

ஆயர் இல்லத்திலிருந்து பதில் வர மாதங்கள் ஆயின. பதில் வந்ததும் றெக்சனின் ஆன்மாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தார்கள். ரொஷானி பிறந்த தோட்டத்துச் சவக்காலையில், அவளுடைய அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் ஒரு முழ ஆழம் தோண்டி, வாட்சைச் சின்னப் பெட்டியொன்றில் வைத்துப் புதைத்தார்கள். பட்டியோடுதான். நோபர்ட்டும் ஒரு பிடி மண் போட்டார். டொறீன் அன்று இரவு அந்த அறையில் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள்.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் வைத்தார்கள். அதற்கு முந்திய வாரம் ரொஷானி பார்மசிக்கே வந்தாள்.

"எங்க வழமைப்படி மாப்பிள்ளைக்கு அண்ணன் வாட்ச் கட்டணும் அங்கிள். புதுசு வேணாம். நீங்க ஒன்னு பாத்துக் குடுங்க."

நோபர்ட் தன்னிடமிருந்தவற்றில் தேடித் தேடி ஒரு சிற்றிசன் வாட்சை எடுத்தார். சாவி கொடுக்கிற ரகம், உள்ளே தகடு கிகடு ஒன்றும் கிடையாது. தினமும் காலையில் கட்டுகிறவரே திருக வேண்டும். வேண்டுமென்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார். கிளமன்டை வரச்சொல்லி நூல் வைத்துக் கையை அளந்தார். நல்ல ஆகிருதியான மனிதர். உரித்த மரவள்ளிக் கிழங்கு போன்ற கை.

"அண்ணே, என் கைக்கு லொறி டயரத்தான் வெட்டிப் போடணும்," என்று சொல்லிச் சிரித்தார். கடையே அதிரும்படியான சிரிப்பு. நோபர்ட்டுக்கு அவரைப் பிடித்துப்போனது. நீளமான பட்டியாகப் பார்த்துப் போட்டார். இரண்டாம் துளையில் கச்சிதமாக நிற்கும்.

பல்லேபொலயில் மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே ஒரு மண்டபத்தில் விருந்து நடந்தது. சவூதியிலிருந்து வந்து தங்கிவிட்ட அண்ணன், முன்பு ஒருமுறை செய்ததையே மறுபடியும் செய்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வாட்சைக் கட்டினார். கட்டும்போது நோபர்ட் கவனித்தார். இரண்டாம் துளைதான். கை தட்டினார்கள், கேக் வெட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள். வெயில் நன்றாக அடித்தது. வெகுநாளைக்குப் பிறகு டொறீன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து விடைபெறுவதற்காக நோபர்ட் மணமேசைக்குப் போனார். கிளமன்ட் தனியாக உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொஷானி பக்கத்தில் யாருக்கோ கேக் பொட்டலம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாப்பிள்ளை, வாட்ச் எப்படி?"

"சோக்கா இருக்குண்ணே. கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு, அதுதான்."

நோபர்ட் குனிந்து பார்த்தார். வாட்சின் முகம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. மணிக்கட்டின் மேல் கொளுக்கி. அது இரண்டாம் துளையில் இல்லை, கடைசித் துளையில் இருந்தது. கோட்டுக் கைக்குள்ளிருந்து வந்த அந்தத் தடித்த மணிக்கட்டு அவர் நூல் வைத்து அளந்த அதே மணிக்கட்டுத்தான். ஆனால் பட்டிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் போலிருந்தது.

"ஏன் உள்ளுக்கு திருப்பிக் கட்டியிருக்கீங்க?"

"தெரியலண்ணே. இப்படித்தான் வசதியா இருக்கு." கிளமன்ட் யோசித்துப் பார்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார். "ஒரு ஆணி கிடைக்குமாண்ணே? இதுக்கும் உள்ளுக்க ஒரு ஓட்டை குத்திக்கலாம்."

நோபர்ட் நிமிர்ந்தார். ரொஷானியின் கையிலிருந்த பொட்டலம் அப்படியே நின்றது. அவள் முகம் வெளிறும், கத்துவாள், எழுந்து ஓடுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். புருசன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கொளுக்கியைக் கழற்றினாள். வாட்சைக் கவிழ்த்தாள். நோபர்ட் இரண்டு நாள் தேய்த்த மூடி வெயிலில் ஜொலித்தது.

தோளில் சேலை மடிப்பைப் பிடித்திருந்த ஊசியை உருவினாள். மேலிருந்து கீழாக ஒரு கோடு. அழுத்தி, பழகிய கையால். பிறகு குறுக்கே ஒன்று. எஃகில் ஊசி போகிற சத்தம் பாட்டுச் சத்தத்துக்கு நடுவிலும் நோபர்ட்டின் பல்லில் கேட்டது.

"அடி, என்ன செய்யுற? புது வாட்சு!" என்றார் கிளமன்ட் சிரித்துக்கொண்டே.

"வேலைத் தளத்துல கழட்டி வச்சிட்டு மறந்துட்டு வந்துருவீங்க."

"நான் லொறி ஓட்டுறவன். எனக்கு எங்கடி வேலைத் தளம்?"

ரொஷானி மூடியில் படிந்த தூளை ஊதிவிட்டு, முகத்தை உள்பக்கமாகத் திருப்பி அவர் கையில் கட்டினாள்.